கிரேக்கத்துத் தக்காளி முட்டை: எண்ணெயைக் குறைத்தால்தான் ஆரோக்கியமா?

எழுதியவர்: மாடித்தோட்டம்

வணக்கம். காலையில் இட்லி, தோசை, பொங்கல் என்று மாவாகவே உள்ளே போகிறது. வாரத்தில் சில நாளாவது முட்டைக்கு மாறலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். மாமனாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. "ஒரே வாணலியில் கிரேக்க பாணி முட்டை" என்று தேடினால் குறிப்புகள் கொட்டுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான்: பாலக்கீரை, தக்காளி, ஃபெட்டா சீஸ், மேலே முட்டையை உடைத்து ஊற்றி மூடி வையுங்கள், எண்ணெய் கால் தேக்கரண்டி போதும், பத்தே நிமிடம். அப்படியே செய்தால் கீரையும் தக்காளியும் விட்ட தண்ணீரில் முட்டை வெளிறிப்போய் மிதக்கிறது. வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். கிரேக்கத்து வீடுகளில் இதை உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்? எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் ஆரோக்கியம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுமா?

எழுதியவர்: கலமாட்டாவாசி

சகோதரி, நான் தெற்குக் கிரேக்கத்தில், பெலப்பொனேசஸ் தீபகற்பத்தின் தென்மேற்கு மூலையில், மெசினியாப் பகுதியில் குடியிருக்கிறேன். சுற்றிலும் ஆலிவ் தோட்டங்கள். நீங்கள் கேட்கும் பண்டத்துக்கு இங்கே கயனாஸ் என்று பெயர். கோர்ஃபு முதலான அயோனியத் தீவுகளில் ஸ்ட்ரபத்சாதா என்பார்கள். இதில் கீரை கிடையாது. பல வீடுகளில் வெங்காயம்கூடக் கிடையாது. தக்காளி, ஆலிவ் எண்ணெய், முட்டை, ஃபெட்டா, கடைசியில் கொஞ்சம் உலர்ந்த ஓரிகனோ என்னும் வாசனை இலை. மானி பக்கத்துக்காரர்கள் சிக்லினோ என்னும் புகையூட்டிய பன்றி இறைச்சியைத் துண்டுகளாக்கிச் சேர்ப்பார்கள். உங்கள் மாமனாருக்கு அது வேண்டாம், அவ்வளவும் உப்பு.

இந்தப் பண்டத்தில் முட்டை விருந்தாளி, வீட்டுக்காரர் தக்காளிதான். இது மனத்தில் பதிந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

இரண்டு பேருக்கு அரைக் கிலோ நன்றாகப் பழுத்த தக்காளி எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய ஓட்டைகளில் வைத்துத் தேயுங்கள். சதை கிண்ணத்தில் விழும், தோல் மட்டும் உள்ளங்கையில் தங்கும். தோலுரிக்க வெந்நீர் வேண்டாம், மிக்ஸி வேண்டவே வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் காற்று புகுந்து விழுது நுரைத்து வெளுத்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். துருவிய தக்காளியை எண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் ஊற்றி, நடுத்தரத் தீயில் சுண்ட விடுங்கள். ஆம், எண்ணெய் இல்லாமல்தான். இங்குள்ள பாட்டிமார் பலர் செய்யும் முறை இது. முதலில் சளசளவென்று கொதிக்கும், பிறகு குமிழிகள் சிறுத்துச் சத்தம் அடங்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் நிற்க வேண்டும். பத்து நிமிடமும் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம், தக்காளியைப் பொறுத்தது. அப்போதுதான் எண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கிளறி, ஓரங்களில் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து தெரியும் வரை இன்னும் சில நிமிடங்கள் விடுங்கள். புளிப்பு மிகுந்திருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்கள். உங்கள் வீட்டில் அதை விட்டுவிடலாம்.

இனி தீயைக் குறையுங்கள். நான்கு முட்டையை முள்கரண்டியால் இலேசாக அடித்து ஊற்றுங்கள். ஊற்றியவுடன் கிளறாதீர்கள். அடி கொஞ்சம் பிடித்த பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பெரிய மடிப்புகளாகத் தள்ளுங்கள். மஞ்சளும் சிவப்பும் தனித்தனியாகக் கோடு கோடாகத் தெரிய வேண்டும். இரண்டும் கரைந்து ஒரே ஆரஞ்சு நிறமானால் அதிகம் கிளறிவிட்டீர்கள் என்று பொருள். மேலே ஈரப் பளபளப்பு போகும் தறுவாயில் அடுப்பை அணைத்துவிடுங்கள், வாணலியின் சூடே மீதியை வேக வைக்கும். அணைத்த பிறகு 70 கிராம் ஃபெட்டாவைக் கையால் உதிர்த்துப் போடுங்கள். ஓரிகனோவை உள்ளங்கைகளுக்கு நடுவில் கசக்கித் தூவுங்கள். உப்பைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வாய் ருசி பாருங்கள்.

எழுதியவர்: எண்ணெய்க்கணக்கு

குறிப்பு அருமை ஐயா. ஆனால் சகோதரி கேட்டது ஆரோக்கியமான காலை உணவு. ஒரு மேசைக்கரண்டி எந்த எண்ணெயாக இருந்தாலும் சுமார் 120 கலோரி. இரண்டு கரண்டி ஊற்றச் சொல்கிறீர்கள். ஒட்டாத வாணலி இருக்கும்போது அது எதற்கு? முட்டையிலேயே கொழுப்பு இருக்கிறது, சீஸில் இருக்கிறது. மாத எண்ணெய்க் கணக்கைக் குறைக்கச் சொல்லி மருத்துவர்கள் தொண்டை வறளப் பேசுகிறார்கள். கிரேக்கம் என்ற பெயர் இருந்தால் எண்ணெய் எண்ணெயாக இல்லாமல் போய்விடுமா? தவிர, ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்றும் சொல்கிறார்களே.

எழுதியவர்: கலமாட்டாவாசி

எண்ணெய் எண்ணெய்தான், கலோரியும் நீங்கள் சொன்ன கணக்குதான். ஆனால் அந்த இரண்டு கரண்டி இரண்டு தட்டுகளுக்குப் பிரிகிறது, ஆளுக்கு ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதைச் சகோதரியே முதல் பதிவில் எழுதிவிட்டார். தக்காளியின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில் கரைவது. வேக வைத்துக் கொழுப்போடு சாப்பிடும்போதுதான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் இல்லாமல் தக்காளியை அவித்துத் தின்றால் அந்தப் பலனிலும் ஒரு பகுதி கைநழுவிப் போகிறது.

சூடாக்கக் கூடாது என்பது ஊர் ஊராகப் பரவிய பேச்சு. ஆலிவ் எண்ணெயில் உயர்ந்த தரமான எக்ஸ்ட்ரா வர்ஜின் புகையத் தொடங்குவது ஏறக்குறைய 190 முதல் 210 டிகிரி செல்சியஸில். தக்காளியில் ஈரம் இருக்கும் வரை வாணலிக்குள் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். இந்தச் சமையலில் எண்ணெய் புகைய வாய்ப்பே இல்லை. இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொரிப்பதும் இதே எண்ணெயில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏழு நாடுகள் ஆய்வு என்று 1958இல் அமெரிக்கரான ஆன்செல் கீஸ் தொடங்கி வைத்த நெடுங்கால ஆய்வில் கிரீட், கோர்ஃபு ஆகிய இரண்டு கிரேக்கத் தீவுகளும் இருந்தன. கிரீட் ஆண்களின் உணவில் கலோரியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். அப்படியிருந்தும் மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது அவர்களிடம்தான். கீஸின் முடிவுகள் மீது பல விமர்சனங்கள் உண்டு, நானும் படித்திருக்கிறேன். அந்த மனிதர்கள் நாள் முழுக்க மலைச்சரிவில் உழைத்தவர்கள் என்பதும் உண்மை. ஆனாலும் கிரேக்க உணவின் பெயரைச் சொல்லி எண்ணெயை மட்டும் வெளியே தள்ளுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எழுதியவர்: சத்துப்பட்டியல்

உணவியல் படித்து, அதே துறையில் வேலை செய்கிறேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதால் ஐயா கொடுத்த அளவையே கணக்கிட்டுப் பார்க்கிறேன். ஒரு தட்டுக்கு:

இரண்டு முட்டை சுமார் 145 கலோரி, எண்ணெய் 120, ஃபெட்டா 35 கிராம் ஏறக்குறைய 95, தக்காளி கால் கிலோ சுமார் 45. மொத்தம் 400ஐ ஒட்டி வருகிறது. புரதம் 19, 20 கிராம் கிடைக்கும். மாவுச்சத்து 10 கிராம் அளவுதான். சர்க்கரை உள்ளவருக்கு இது மிக நல்ல கணக்கு. எண்ணெயை முழுவதும் நீக்கினால் 120 கலோரி குறையும், ஆனால் பத்தரை மணிக்குப் பசி எடுத்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வையும் சொல்லலாம். 2013இல் வெளிவந்தது. ஆட்களைப் பிரித்ததில் குறை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்திய கணக்கோடு மறுபடி வெளிவந்தது. எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு முறையில் இதய நோய், பக்கவாதம் ஆகியவை குறைந்தன என்ற முடிவு திருத்தத்துக்குப் பிறகும் நின்றது.

என் கவலை எண்ணெய் மீது இல்லை, உப்பு மீதுதான். ஃபெட்டா உப்புநீரில் ஊறுவது. 100 கிராமில் சோடியம் ஒரு கிராமை ஒட்டி இருக்கும். ஒரு தட்டுக்கான 35 கிராமிலேயே 350 மில்லிகிராம் போய்விடுகிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமனாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் ஃபெட்டாவைப் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து, 20 கிராமோடு நிறுத்துங்கள். வாணலியில் தனியாக உப்பே போட வேண்டாம். தொட்டுக்கொள்ளும் ரொட்டியிலும் உப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

எழுதியவர்: எண்ணெய்க்கணக்கு

கணக்கைப் பார்த்த பிறகு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊரில் இதைத் தினமும் செய்யத் தொடங்கிவிடுவார்கள். மதியம் பொரியலும் குழம்பும் அதே பழைய அளவு எண்ணெயில் நடக்கும். அதை யார் குறைப்பார்கள்?

எழுதியவர்: கலமாட்டாவாசி

தினமும் என்ற பேச்சே இங்கே இல்லை ஐயா. மத்தியதரைக்கடல் உணவுப் பிரமிடு என்று 1990களில் வரைந்தார்களே, அதில் முட்டைக்குக் கொடுத்த இடம் வாரத்துக்கு நான்கு வரைதான். அதற்கும் வெகு காலம் முன்பே இங்குள்ள கிறிஸ்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை வகுத்த நோன்பு முறை இதைப் பார்த்துக்கொண்டது. புதன், வெள்ளிகளில் முட்டை, பால், இறைச்சி எதுவும் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு முழுக்கக் கூடாது. முறையாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு ஆண்டில் பாதி நாளுக்குக் குறையாமல் நோன்பு நாளாகவே கழியும். ஈஸ்டர் அன்று முதலில் கையில் எடுப்பது சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை. அந்த முட்டைக்கு இருக்கும் மதிப்பு நாற்பது நாள் தவிர்த்ததால் வந்தது.

அதோடு, கயனாஸ் காலை உணவு மட்டும் அல்ல. கோடையில் தக்காளி மலிந்து கிடக்கும்போது மதியத்துக்கும் இரவுக்கும் இதையே செய்துவிடுவார்கள். வார நாள்களில் காலையில் நகரத்துக்காரர்கள் பலர் ஒரு காப்பியும், எள் ஒட்டிய கூலூரி வளையம் ஒன்றும் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய தட்டில் முட்டையும் சீஸும் பழமும் அடுக்கி வைப்பது ஓட்டல்களில் பார்ப்பது.

எழுதியவர்: கடல்கடந்தகரண்டி

கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்தவன் நான். தலைமைப் பொறியாளர் கிரேக்கராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இது இல்லாமல் தீராது. கப்பலில் பழுத்த தக்காளி முதல் வாரத்தோடு தீர்ந்துவிடும், பிறகு டின் தக்காளிதான். அதுவும் இந்தச் சமையலுக்கு நன்றாகவே வரும். சதைப்பற்று அதிகம், புளிப்பு குறைவு, விரைவில் சுண்டும். ஊரில் இருப்பவர்கள் புளிப்பான தக்காளியோடு மல்லுக்கட்டுவதைவிட டின் வாங்கலாம், உப்புச் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

வாணலியைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு வாணலி, பழக்கிய தோசைக்கல் எதிலும் இதைச் செய்யாதீர்கள். தக்காளியின் புளிப்பு, வாணலியில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் பக்குவத்தை அரித்துவிடும், முட்டையும் கருத்து இரும்பு வாடை அடிக்கும். அலுமினியமும் ஆகாது. அடி கனமான எவர்சில்வர் வாணலி அல்லது ஒட்டாத வாணலி, அகலமானதாக. அகலம் இருந்தால்தான் ஆவி வெளியேறும். குறுகிய பாத்திரத்தில் தக்காளி சுண்டாது, வெந்துகொண்டே இருக்கும்.

பலருக்குச் சேர்த்துச் செய்யும்போது தக்காளியைப் பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சுண்ட வைத்துக்கொண்டு, முட்டையை மட்டும் நான்கு, ஆறு என்று பிரித்து ஊற்றுங்கள். இருபது முட்டையை ஒரே வாணலியில் ஊற்றினால் அடிப்பகுதி ரப்பராகிவிடும், மேற்பகுதி பச்சையாகவே நிற்கும்.

எழுதியவர்: சந்தைக்கூடை

மதுரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி இரண்டும் கிடைக்கின்றன. எது நல்லது? ஃபெட்டா பெரிய கடைகளில் இருக்கிறது, விலையைப் பார்த்தால் கை தயங்குகிறது. பனீர் போடலாமா? ஆலிவ் எண்ணெயிலும் ஒன்றுக்கு மூன்று மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறதே, எதை வாங்குவது?

எழுதியவர்: கலமாட்டாவாசி

தக்காளியில் இரண்டையும் கலந்து கொள்ளுங்கள். பெங்களூர்த் தக்காளி சதைக்கு, நாட்டுத் தக்காளி ருசிக்கு. நாட்டுத் தக்காளி மட்டும் போட்டால் சுண்டுவதற்கு நேரம் பிடிக்கும், புளிப்பும் தூக்கலாக இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவாக இருந்தால் டப்பாவைத் திருப்பி "பொமேஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிழிந்து முடித்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. பொரிக்க உதவும், நாம் பேசிக்கொண்டிருக்கும் மணமும் காரமும் அதில் இருக்காது. எக்ஸ்ட்ரா வர்ஜின் என்றால் இயந்திரத்தால் பிழிந்தது மட்டுமே, அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மெசினியாவில் பெரும்பாலும் கொரோனெய்கி என்னும் சிறு காய் வகை. புதிதாகப் பிழிந்ததை ஒரு சொட்டு நாக்கில் விட்டால் தொண்டையில் காரம் ஏறும், சிலருக்கு இருமலே வந்துவிடும். வாங்க இயலாவிட்டால் மரச்செக்குக் கடலெண்ணெயில் செய்யுங்கள், தவறே இல்லை. நல்லெண்ணெய் வேண்டாம். அதன் வாசனை ஓரிகனோவையும் தக்காளியையும் அமுக்கிவிடும்.

ஃபெட்டா பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கே உரியது என்று பதிவு செய்தது. எதிர்த்து வழக்குகள் நடந்து 2005இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செம்மறி ஆட்டுப்பால் குறைந்தது 70 சதவீதம், மீதி வெள்ளாட்டுப்பால். குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும். பசும்பாலில் செய்து அதே பெயரில் சில நாடுகளில் விற்பது வேறு பொருள். அதில் உப்பு மட்டும்தான் தெரியும், ஆட்டுப்பாலின் அந்தக் கூர்மையான புளிப்பு வராது. உதிர்த்து விற்கும் பொட்டலத்தையும் தவிருங்கள், ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். உப்புநீரில் கிடக்கும் கட்டியாக வாங்கினால் ஒரு துண்டு பல வேளைக்கு வரும்.

பனீர் போடலாம். உதிர்த்து, எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் கலந்து இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து போடுங்கள். நல்ல உணவாக இருக்கும், அதற்குக் கயனாஸ் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. உப்பைக் குறைக்க வேண்டிய சகோதரியின் மாமனாருக்கு இதுவே பொருத்தம் என்றுகூடச் சொல்வேன்.

எழுதியவர்: நெய்மணம்

இது வட ஆப்பிரிக்காவின் ஷக்ஷூகாதானே? துருக்கியில் மெனெமென் என்று நான் சாப்பிட்டதும் இதேதான்.

எழுதியவர்: கடல்கடந்தகரண்டி

உறவு நெருக்கம்தான், ஆனால் நாக்குக்கு மூன்றும் வேறு. ஷக்ஷூகாவில் சீரகமும் மிளகாயும் முன்னே நிற்கும், முட்டை முழுதாக வேகும். மெனெமெனில் பச்சை மிளகாய் வகை ஒன்று கட்டாயம், வெங்காயம் போடலாமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. கிரேக்கத்தில் மசாலாவே கிடையாது, எண்ணெயும் சீஸும்தான் பேசும்.

எழுதியவர்: மாடித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. எண்ணெய் இல்லாமல் முதலில் சுண்ட வைக்கும் முறையில் செய்தேன். தண்ணீர் பிரச்சினை அடியோடு போய்விட்டது. மாமனார் தட்டில் மிஞ்சியதைக் கோதுமை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார். மாடியில் கீரை நிறைய இருக்கிறது, அதை எப்படியாவது சேர்க்க ஆசை. கிரேக்க முறைக்கு விரோதமாகுமா? இன்னொன்று, காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தக்காளியோடு பதினைந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

எழுதியவர்: கலமாட்டாவாசி

கீரை தாராளமாகச் சேருங்கள், தனியாக. கிரேக்கர்கள் கீரைப் பிரியர்கள். கோடையில் இங்கே வீட்டுக்கு வீடு சாப்பிடும் வ்லீதா நம் முளைக்கீரை, குப்பைக்கீரை இனத்தைச் சேர்ந்ததுதான். தண்டோடு அவித்து, வடித்து, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பக்கத்தில் வைப்பார்கள். கீரையை முட்டையோடு சேர்க்க வேண்டுமானால் அடித்த முட்டையில் போட்டு ஆம்லெட்டாகச் சுடுங்கள். முன்பே வதக்கிப் பிழிந்திருக்க வேண்டும். தக்காளி, கீரை, முட்டை மூன்றையும் ஒரே வாணலியில் போட்டால் மறுபடி தண்ணீர்தான்.

எழுதியவர்: கடல்கடந்தகரண்டி

நேரத்துக்கு வழி இருக்கிறது தங்கச்சி. இரவு சமையல் முடிந்ததும் ஒரு கிலோ தக்காளியைச் சுண்ட வைத்து, எண்ணெய் சேர்க்காமல் ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். காலையில் ஆளுக்கு மூன்று கரண்டி விழுதை வாணலியில் போட்டு, எண்ணெய் விட்டு, அது பிரிந்து வந்ததும் முட்டையை ஊற்ற வேண்டியதுதான். ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். ஃபெட்டாவை எல்லோருக்கும் பொதுவாக வாணலியில் போடாதீர்கள், பிள்ளைகள் தட்டில் தனியாக உதிர்த்துக் கொடுங்கள். மாமனாருக்கான அளவு உங்கள் கையில் இருக்கும்.